விரல் இழுக்கும் கோடு யாருக்குச் சொந்தம்?

கைபேசியில் நாம் எழுதும் செய்தியை முதலில் வாசிப்பது யார்? அதைப் பெறுபவர்தான் என்று பலர் நினைக்கலாம். வட்ஸ்அப்பின் மறைகுறியாக்கம் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், இடையில் வேறு எவரும் வாசிக்க முடியாது என்றும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் செய்தி பூட்டப்படுவது அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகுதான். அதற்கு முன்னரே ஒவ்வொரு எழுத்தும் விசைப்பலகையின் ஊடாகப் போயிருக்கும். வங்கியின் கடவுச்சொல்லும் அதன் ஊடாகத்தான் போகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரும் அதன் ஊடாகத்தான் போகிறது.

முகநூலில் இட்ட பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதாகிய நாடு இது. வைபரா, சிக்னலா, எது பாதுகாப்பானது என்று நாங்கள் கதைப்பதுண்டு. அந்தப் பதிவை எழுதப் பயன்படும் கருவியைப் பற்றிக் கதைப்பதில்லை. விசைப்பலகை கைபேசியோடு வந்தது, அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான்.

கடந்த சில ஆண்டுகளாக மென்பொருள் உலகில் இந்த விசைப்பலகையை வைத்து ஒரு சண்டை நடந்து வருகிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது வெறும் சொற்சண்டை போலத் தோன்றும். எதைத் 'திறமூலம்' என்று அழைக்கலாம், எதை அழைக்கக் கூடாது என்பதே வாதம். போரால் எல்லாவற்றையும் இழந்த ஒரு சமூகத்துக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் வழமையாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

வழமையான காரணம் பாதுகாப்பு. அதை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பயம் கற்பனை அல்ல. 2016 யூலையில் ஸ்விஃப்ட்கீ என்ற பிரபல விசைப்பலகை, முன்பின் அறியாத வேறு பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சிலருக்குப் பரிந்துரைக்கத் தொடங்கியது. அந்த நிறுவனத்தை அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் மைக்ரோசொப்ட் வாங்கியிருந்தது. சொற்களை மேகக்கணினியில் ஒத்திசைக்கும் சேவையை உடனடியாக நிறுத்த வேண்டியதாயிற்று. 2017 டிசெம்பரில் ஏஐ.டைப் என்ற விசைப்பலகையின் தரவுத்தளம் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. அதில் சுமார் 31 மில்லியன் பயனர்களின் விபரங்கள் இருந்தன. 2024 ஏப்ரலில் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிற்றிசன் லாப் ஆய்வகம், சீன மொழி விசைப்பலகைகளை வழங்கும் ஒன்பது நிறுவனங்களின் செயலிகளைச் சோதித்தது. எட்டு நிறுவனங்களின் செயலிகளில் பாரதூரமான ஓட்டைகள் இருந்தன. தட்டும் எழுத்துக்களை அவை நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பும்போது, வலையமைப்பில் இடையில் இருப்பவரும் வாசிக்கக்கூடிய நிலை இருந்தது. குறை காணப்படாத ஒரேயொரு நிறுவனம் ஹுவாவே.

இவற்றில் எதிலும் உளவுத்துறை வந்து கதவை உடைக்கவில்லை. கவனக்குறைவே போதுமானதாக இருந்தது.

அப்படியானால் ஏன் எல்லோரும் மூலநிரல் திறந்த, இணையத்தோடு தொடர்பில்லாத விசைப்பலகைக்கு மாறவில்லை? அப்படிப்பட்டவை பல உண்டு. மாறாததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. விரலை எடுக்காமல் எழுத்திலிருந்து எழுத்துக்கு இழுத்துச் சென்று சொல்லை எழுதும் ஸ்வைப் வசதி. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைப் பெருவிரலால் எழுதிப் பழகியவரிடம் அதை விடச் சொன்னால் விடமாட்டார். சுதந்திர மென்பொருள்காரர்கள் தம் பயனர்களை இழந்தது கொள்கையில் அல்ல, இந்தச் சிறிய வசதியில்தான்.

அந்த வசதி பார்ப்பதற்கு எளிது. செய்வதற்குக் கடினம். விரல் சரியான எழுத்துக்களின் மேல் போவதில்லை. மூலைகளை வெட்டிக்கொண்டு, பக்கத்து எழுத்துக்களை உரசிக்கொண்டு போகிறது. அந்தக் கோணல் கோட்டைப் பார்த்து, இந்த மனிதர் எழுத நினைத்த சொல் இதுதான் என்று கணினி ஊகிக்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஷுமின் ஷாய், அவரோடு சேர்ந்து உழைத்த பெர் ஓலா கிறிஸ்டென்சன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் அடித்தளங்களில் ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையில் ஓர் உருவம் உண்டு, விரலின் கோட்டை அந்த உருவங்களோடு ஒப்பிட்டு, எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது என்ற கணக்கையும் சேர்த்துத் தீர்மானிக்கலாம் என்பதே அதன் சாரம். ஆகவே இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று கோட்டை வாசிக்கும் நிரல். மற்றையது சொற்களின் பட்டியலும் அவற்றின் புழக்கமும். இந்த இரண்டாவதை மனதில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வந்தபோது இது காப்புரிமைகளின் உலகமாக மாறியது. ஷாயும் கிறிஸ்டென்சனும் உருவாக்கிய ஷேப்ரைட்டரை நுவான்ஸ் நிறுவனம் 2010இல் வாங்கியது. பழைய பொத்தான் கைபேசிகளில் நாம் கண்ட டீ9 முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லர் இணைந்து தொடங்கிய ஸ்வைப் நிறுவனம் 2009இல் சாம்சுங் கைபேசியில் அறிமுகமானது. அதையும் நுவான்ஸ் 2011இல் 100 மில்லியன் டொலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கியது. பிறகு 2018 பெப்ரவரியில், இனி இந்தத் தொழிலில் இல்லை என்று கூறி ஸ்வைப்பை நிறுத்திவிட்டது. பெயரையே வினைச்சொல்லாக்கிய செயலி அது. மூலநிரல் மூடியது என்பதால், அதை விரும்பியவர்கள் தொடர்ந்து பராமரிக்க வழி இருக்கவில்லை.

இதற்கிடையில் கூகுள் 2012 நவம்பரில் அன்ட்ரொயிட் 4.2 உடன் தனது விசைப்பலகையில் இதே வசதியைச் சேர்த்தது. இங்கேதான் உரிமப் பிரச்சினை கூர்மையடைகிறது. அன்ட்ரொயிட்டின் அடிப்படை விசைப்பலகை அப்பாச்சி உரிமத்தின் கீழ் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், தம் மாற்றங்களை மூடியும் வைக்கலாம். விரல் இழுப்பதைப் பதிந்துகொள்ளும் பகுதியும் அதில் இருந்தது. ஆனால் கோட்டைச் சொல்லாக மாற்றும் மூளைப் பகுதியை மட்டும் கூகுள் தனியான ஒரு நூலகக் கோப்பாக மூடி வைத்துக்கொண்டது. வீட்டைத் திறந்துவிட்டுக் குசினியைப் பூட்டியது போன்றது இது. சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. அப்பாச்சி உரிமம் அதை அனுமதிக்கிறது. காலப்போக்கில் கூகுளின் கவனம் முழுவதும் தனது மூடிய ஜிபோர்ட் பக்கம் போக, திறந்த விசைப்பலகை பழசாகிக் கிடந்தது.

அந்தப் பழைய நிரலிலிருந்து பிறந்த பிள்ளைகள் பல. ஓபன்போர்ட் அதில் ஒன்று. அது ஜிபிஎல் உரிமத்தைத் தெரிந்தெடுத்தது. அதாவது, மாற்றி வெளியிடுபவர் தனது மாற்றங்களின் மூலநிரலையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். ஓபன்போர்ட்டின் வேலை நின்றபோது, வேறு ஆட்கள் அதே நிரலை எடுத்து ஹெலிபோர்ட் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. ஸ்வைப்புக்கு 2018இல் நடந்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஹெலிபோர்ட்டில் விரலை இழுத்து எழுத வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? கூகுளின் அந்த மூடிய நூலகக் கோப்பைப் பயனரே எங்காவது தேடியெடுத்துத் தன் கைபேசியில் ஏற்ற வேண்டும். செயலியோடு அது வருவதில்லை. தாங்கள் அந்தக் கோப்பை விநியோகிக்கவில்லை என்பதால் உருவாக்கியவர்களின் கை சுத்தம். சுதந்திர மென்பொருளின் கொள்கைப் பிடிப்புள்ள பயனர்கள் பின்கதவால் கூகுளின் மூளையை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது சற்றுச் சிரிப்புக்குரிய காட்சிதான். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனிசொஃப்ட்கீபோர்ட், ஃப்ளோரிஸ்போர்ட் போன்ற வேறு திட்டங்கள் கோட்டை வாசிக்கும் நிரலைத் தாமே எழுத முயன்றன. சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் செய்யப்பட்ட முயற்சிகள் அவை. அவை நீண்ட காலம் பரிசோதனை நிலையிலேயே இருந்தன.

இந்த இடைவெளிக்குள்தான் ஃபூட்டோ என்ற அமெரிக்க அமைப்பு பணத்தோடு வந்தது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, அன்ட்ரொயிட்டின் அதே அப்பாச்சி நிரலிலிருந்து தொடங்கி, இணையத் தொடர்பில்லாமல் இயங்கும் ஒரு விசைப்பலகையைச் செய்தது. ஸ்வைப் வசதிக்காக, ஆங்கிலச் சொற்களை இழுத்துத் தருமாறு தன்னார்வலர்களிடம் கேட்டுத் தரவு சேர்த்தது. அந்தத் தரவைப் பொதுவிலும் வெளியிட்டது. எல்லாம் நல்லது. ஆனால் செயலியின் உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூலநிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது.

சண்டை இங்கே வெடித்தது. ஃபூட்டோ தன் மென்பொருட்களைத் 'திறமூலம்' என்று அழைத்தபோது, அந்தச் சொல்லுக்கு 1998இலிருந்தே ஒரு வரைவிலக்கணம் உண்டு என்று மற்றவர்கள் கொதித்தார்கள். திறமூல முன்னெடுப்பு அமைப்பின் அந்த வரைவிலக்கணத்தில் பத்து நிபந்தனைகள். ஆறாவது, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக் கூடாது என்கிறது. வணிகமும் ஒரு துறையே. கடைசியில் ஃபூட்டோ அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தன் உரிமத்துக்கு 'சோர்ஸ் ஃபர்ஸ்ட்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது.

ஃபூட்டோவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெரிய நிறுவனங்கள் இலவச நிரலை எடுத்துக் கோடிக்கணக்கில் உழைக்கின்றன, எழுதியவருக்கு ஒரு சதமும் போவதில்லை. இந்தக் கோபத்தில் உரிமத்தை மாற்றியவர்கள் பலர். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் 2024 மார்ச்சில் தன் தாராள உரிமத்தைக் கைவிட்டது. சில நாட்களுக்குள்ளேயே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற பெயரில் பழைய நிரலின் கிளை ஒன்று தொடங்கப்பட்டது. 2025 மேயில் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. எலாஸ்டிக் நிறுவனமும் 2021க்கும் 2024க்கும் இடையில் இதேபோல் போய்த் திரும்பியது.

நான் எந்தப் பக்கம்? பெரிய மொழிக்காரர் ஒருவருக்கு ஃபூட்டோவின் நிபந்தனை பெரிய விடயம் அல்ல. அவருக்கு வேண்டியதை நிறுவனமே செய்து கொடுக்கும். சிறிய மொழிக்காரரின் நிலை வேறு. கிளிநொச்சியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பார்வை குறைந்த முதியவர்களுக்காக எழுத்துக்களைப் பெரிதாக்கி, நம் பேச்சுச் சொற்களைச் சேர்த்து ஒரு விசைப்பலகையைத் திருத்துகிறார். விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் அதை ஏற்றிக் கொடுக்கிறார், உழைப்புக்கு 200 ரூபாய் வாங்குகிறார். இது வணிகமா? உரிமத்தின் கண்ணில் அவரும் அமேசனும் ஒரே கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க நேரலாம். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் சரி என்று சொல்லவும் கூடும். ஆனால் கேட்க வேண்டியிருப்பதே வித்தியாசம். ஜிபிஎல்லில் அவர் கேட்க வேண்டியதில்லை, தன் மாற்றங்களைத் திறந்து கொடுத்தால் போதும். ஆகவே நான் ஜிபிஎல் பக்கம் சாய்கிறேன். அனுமதிக்கான விண்ணப்பங்களை எழுதி எழுதிக் காத்திருந்த சமூகம் இது. இன்னொரு அனுமதிப்பத்திரத்தின் தேவை எங்களுக்கு இல்லை.

இன்னொரு சேதமும் உண்டு, அதை வெளியே அதிகம் கதைப்பதில்லை. ஃபூட்டோவின் நிரலை ஹெலிபோர்ட் எடுக்க முடியாது, உரிமம் இடம் கொடுக்காது. ஹெலிபோர்ட்டின் ஜிபிஎல் நிரலை ஃபூட்டோவும் தன் உரிமத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், நடுவில் மதில். இரண்டு வீட்டிலும் ஆள் பற்றாக்குறை.

இனிப் பாதுகாப்புக்குத் திரும்பி வருகிறேன். இந்தச் சண்டையில் உரிமத்தையும் அந்தரங்கத்தையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். இரண்டும் வேறு. உங்கள் எழுத்து கைபேசியை விட்டு வெளியே போகுமா என்பதைத் தீர்மானிப்பது உரிமம் அல்ல, செயலிக்கு இணைய அனுமதி இருக்கிறதா என்பதுதான். ஹெலிபோர்ட் இணைய அனுமதியைக் கேட்பதே இல்லை. அதற்குள் ஏற்றப்படும் கூகுளின் மூடிய கோப்பும் செயலிக்கு இருக்கும் அனுமதிகளுக்குள்தான் இயங்க முடியும். ஆகவே மூடிய மூளை இருந்தாலும் அது நேரடியாக வெளியே பேச வழியில்லை. மறுபக்கம், மூலநிரல் முழுவதும் திறந்த செயலியும் இணைய அனுமதி இருந்தால் தரவை அனுப்பலாம். நிரலை வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தால் கண்டுபிடிப்பார் என்பது மட்டுமே அங்குள்ள பாதுகாப்பு.

இணையம் இல்லாவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. பரிந்துரை வசதி உள்ள விசைப்பலகைகள் நாம் எழுதும் பெயர்களைக் கற்றுக்கொண்டு கைபேசியில் தனியாகச் சேமிக்கின்றன. உரையாடலை அழிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். செய்தி போய்விடும். அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதியை விசைப்பலகை சொல்லிக்கொடுக்கும். சோதனைச் சாவடியிலோ விசாரணையிலோ கைபேசியை வாங்கிப் பார்ப்பவருக்கு இதற்கு எந்த ஹக்கிங் திறமையும் தேவையில்லை. கற்ற சொற்களை அழிக்கும் வசதியும், கற்காமல் இருக்கச் செய்யும் வசதியும் பல விசைப்பலகைகளின் அமைப்புகளில் உண்டு. தேடிப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் உரிமம் எதற்கு? அது வேறொரு கேள்விக்கான விடை. நிறுவனத்துக்கு அக்கறை இல்லாத மொழியை, அக்கறை உள்ளவர் தானே சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு. தமிழின் கணினி வரலாறு இதற்குச் சாட்சி. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் ஆண்டுக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் எழுதினோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். போர்க்காலத்தில் அப்படி எழுதப்பட்டவை பல இன்றும் யாருடையதோ பழைய கணினியில் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றிக் காப்பாற்ற உதவியது பெரிய நிறுவனங்களின் தயவு அல்ல. சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றி போன்ற தனிமனிதர்களின் கருவிகள்தான்.

ஸ்வைப்பிலும் தமிழுக்கு ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு, அன்ட்ரொயிட்டின் அதே திறந்த நிரலை எடுத்துத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான இண்டிக் கீபோர்டைச் செய்தது. 2020இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தமிழ் உள்ளிட்ட 7 மொழிகளுக்கு விரல் இழுப்பை வாசிக்கும் ஒரு மாதிரியை உருவாக்கி, 193,658 சொற்களுக்கான விரற்கோடுகளைத் தரவாகப் பொதுவில் வெளியிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே இழுப்பவர்கள், ஆங்கில எழுத்தில் இழுத்துத் தமிழில் பெற விரும்புபவர்கள் என்று இரண்டு வகையினரையும் அவர்கள் கருத்தில் எடுத்தார்கள். துல்லியம் மொழிக்கு மொழி 70 முதல் 95 வீதம் வரை. இந்த வேலை நடந்திருப்பதற்குக் காரணம் உரிமம்தான். யாரும் கூகுளிடம் போய்க் கேட்கவில்லை.

ஆனாலும் அது நம்முடைய தமிழா? முன்னர் சொன்ன இரண்டாவது பொருள் இங்கே வருகிறது, சொற்பட்டியல். தமிழில் இது ஆங்கிலத்தை விடச் சிக்கல். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டி ஒட்டி ஒரு வினையடியிலிருந்தே ஆயிரக்கணக்கான வடிவங்கள் வரும். பட்டியலில் எல்லாவற்றையும் அடக்க முடியாது. அதன் மேல் நமது பேச்சுவழக்கு. நான் சில காலம் பாவித்த ஒரு விசைப்பலகை, 'எங்கட' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அதை 'எங்கள்' என்று திருத்திக்கொண்டே இருந்தது. 'அவையள்' என்பதை அது ஒரு சொல்லாகவே ஏற்கவில்லை. ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்வைப்பில் பட்டியலில் இல்லாத சொல்லை எழுதுவது மிகக் கடினம். தட்டி எழுதும்போது எதையும் எழுதலாம். இழுத்து எழுதும்போது இயந்திரம் அறிந்த சொற்களில் ஒன்றையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்துத் தரும். இழுத்தே எழுதிப் பழகிய தலைமுறை மெல்ல மெல்ல அந்தப் பட்டியலின் தமிழைத்தான் எழுதும்.

பட்டியலை யார் செய்வது? ஹெலிபோர்ட் போன்றவற்றில் சொற்கோப்பு ஒன்றைப் பயனரே ஏற்ற முடியும். ஒரு சொல், அதன் புழக்க எண், இவ்வளவுதான் அதன் அடிப்படை. 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் சேகரத்தில் எங்கள் எழுத்துத் தமிழ் இருக்கிறது. அதிலிருந்து சொற்களைப் பிரித்தெடுப்பது ஒரு பல்கலைக்கழக மாணவர் குழுவுக்கு எட்டாத வேலை அல்ல. பேச்சுச் சொற்களுக்கு அது போதாது. அதற்கு மக்களிடம் கேட்க வேண்டும்.

அங்கேதான் கவனம் தேவை. கேட்டுச் சேர்க்கும்போது எவரின் உரையாடல்களையும் தொடக் கூடாது, தனித்தனிச் சொற்களை மட்டுமே வாங்க வேண்டும். இயக்கப் பெயர்கள், தேடப்படுவோரின் பெயர்கள், வீட்டாரின் பெயர்கள் என்று வரும் எதுவும் பட்டியலுக்குள் போகக் கூடாது. ஊர்ப்பெயர்கள் போகலாம், போக வேண்டும். முள்ளிவாய்க்கால் என்று இழுத்தால் முள்ளிவாய்க்கால் என்றே வர வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வணிகத் தடை போடும் உரிமம் வேண்டாம் என்பது என் கருத்து. திருத்துபவர் தன் திருத்தங்களையும் திறந்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்று போதும், தமிழ் விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்துக்கு இருப்பதைப் போல. கூகுளும் அதை எடுக்கும், எடுக்கட்டும். கிளிநொச்சிக் கடைக்காரருக்கும் அதே உரிமை இருக்கும்.